‘முன்பு விசா மறுக்கப்பட்டதுண்டா?’ என்ற கேள்விக்கு என்ன எழுதுவது?

வாசகர் கடிதம்:

எனக்கு வயது 62. அரசுப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கணவர், மாமியார், நான் மூவரும் சொந்த வீட்டில் இருக்கிறோம். ஒரே மகள் 2018-லிருந்து கனடாவில் பிஆர் (நிரந்தரக் குடியிருப்பு உரிமை பெற்றவள்). ஒன்டாரியோவில் கணவருடன் இருக்கிறாள். இன்னும் ஐந்து மாதத்தில் அவளுக்குத் தலைப்பிரசவம். அந்த நேரத்தில் கூட இருக்க வேண்டும் என்று ஆசை.

இரண்டு வருடத்துக்கு முன் நானும் கணவரும் ஒரு ஏஜென்ட் மூலம் கனடாவுக்கு விசிட்டர் விசா கேட்டோம். அவர் சொன்னபடி தம்பியிடம் ஐந்து லட்சம் வாங்கிக் கணக்கில் போட்டுக் காட்டினோம். இருவருக்குமே மறுத்துவிட்டார்கள். ‘வருகையின் நோக்கம்’, ‘கனடாவிலும் சொந்த நாட்டிலும் உள்ள குடும்பத் தொடர்புகள்’ என்று இரண்டு காரணம் போட்டு, காலம் முடிந்ததும் திரும்பிப் போவீர்கள் என்ற திருப்தி ஏற்படவில்லை என்று எழுதியிருந்தார்கள்.

சென்ற வாரம் மகள் அந்தப் பழைய விண்ணப்பத்தின் நகலை ஏஜென்டிடம் கேட்டு வாங்கிப் படித்தாள். 2012-ல் தம்பி வீட்டுக்குப் போவதற்காகச் சென்னையில் அமெரிக்க விசா நேர்காணலுக்குப் போனேன், கிடைக்கவில்லை. அதை ஏஜென்டிடம் அப்போதே சொல்லியிருந்தேன். ஆனால் ‘எந்த நாடாவது விசா மறுத்ததுண்டா’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று போட்டிருக்கிறார். கேட்டால், “பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு, அதெல்லாம் அவங்களுக்குத் தெரியாது. இந்த முறையும் இல்லைன்னே போடுங்க, மாத்தினாதான் சிக்கல்” என்கிறார்.

நான் மறுபடி விண்ணப்பிக்கலாமா, அதற்கு எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும்? அமெரிக்க விஷயத்தைச் சொல்வதா, வேண்டாமா? பெற்றோர் நீண்ட காலம் தங்குவதற்கான சூப்பர் விசா போட்டால் சுலபமாகக் கிடைக்குமா? மகள் 2020-ல் எங்களை ஸ்பான்சர் செய்ய விருப்பம் தெரிவித்துப் பதிந்திருக்கிறாள். அது தெரிந்தால் ‘அங்கேயே தங்கிவிடுவார்கள்’ என்று நினைக்க மாட்டார்களா? இந்த முறை நான் மட்டும்தான் போவதாக இருக்கிறேன். மாமியாருக்கு 86 வயது, கணவர் அவருடன் இருக்க வேண்டும்.

பதில்:

அம்மா, வணக்கம்.

நீங்கள் நான்கு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடிதத்தைப் படித்ததும் என்னைப் பதற வைத்தது ‘இந்த முறையும் இல்லைன்னே போடுங்க’ என்ற அந்த ஒரு வரிதான். தயவுசெய்து அதைக் கேட்காதீர்கள். ஒருமுறை விசா மறுக்கப்பட்டவர் மறுபடி விண்ணப்பித்து வாங்கிக்கொண்டு வருவது இங்கே சாதாரணமாக நடப்பது. மறுப்பை மறைத்தவர் என்று பதிவாகிவிட்டாலோ ஐந்து வருடத்துக்கு எந்த விண்ணப்பமும் செல்லாது. பிறக்கப்போகிற குழந்தை அதற்குள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருக்கும்.

முதலில் சுலபமான கேள்வி. கனடா விசிட்டர் விசா மறுக்கப்பட்டால் இத்தனை மாதம் காத்திருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. மறுப்புக் கடிதத்திலேயே தடை ஏதாவது போட்டிருந்தால் தவிர, நாளைக்கே கூட மறுபடி விண்ணப்பிக்கலாம். இந்த மறுப்புக்கு அப்பீல் கிடையாது. வெளிநாட்டில் எடுக்கப்பட்ட முடிவாக இருந்தால் 60 நாளுக்குள் கனடாவின் ஃபெடரல் நீதிமன்றத்தில் மறுஆய்வு கேட்கலாம். உங்களுக்கு அந்தக் கெடு எப்போதோ முடிந்துவிட்டது. ஆகவே புது விண்ணப்பம்தான் வழி. கட்டணம் 100 கனடா டாலர். மறுத்தால் திரும்ப வராது. ஆனால் கைரேகைக்கு மறுபடி 85 டாலர் கட்ட வேண்டியிருக்காது. இரண்டு வருடத்துக்கு முன் கொடுத்த கைரேகையும் படமும் பத்து வருடம் வரை செல்லும். விண்ணப்பிக்கும் முன் அது இன்னும் செல்லுபடியாகிறதா என்று குடிவரவுத் துறையின் இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம்.

அதே காகிதங்களை அதே கவரில் போட்டு அனுப்பினால் அதே பதில்தான் வரும். புதிதாக விண்ணப்பிப்பது என்றால், அன்று மறுத்த அதிகாரியின் மனதில் இருந்த சந்தேகத்துக்கு இன்று பதில் சொல்வது. அதைப் பின்னால் சொல்கிறேன். அமெரிக்க விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம்.

விண்ணப்பத்தில் இருக்கும் கேள்வி மிகத் தெளிவானது. கனடாவோ வேறு எந்த நாடோ பிராந்தியமோ எப்போதாவது உங்களுக்கு விசா அல்லது அனுமதி மறுத்ததா, நுழைய விடாமல் தடுத்ததா, வெளியேறச் சொன்னதா என்று கேட்கிறார்கள். ‘எப்போதாவது’ என்ற சொல்லுக்குக் காலவரம்பு கிடையாது. அதே படிவத்தில் வேலை விவரத்தைக் கடந்த பத்து வருடத்துக்குக் கேட்பார்கள். அந்தப் பத்து வருடத்தை மறுப்புக் கேள்விக்கும் பொருத்திக்கொள்கிற குழப்பம் நிறையப் பேரிடம் இருக்கிறது. உங்கள் ஏஜென்டும் அப்படித்தான் நினைத்தாரோ, வேண்டுமென்றே போட்டாரோ, எனக்குத் தெரியாது. எதுவானாலும் 2012 மறுப்பு அந்தக் கேள்விக்குள் வருகிறது. சென்ற முறை கனடா மறுத்ததும் வருகிறது. ‘அவர்கள் மறுத்தது அவர்களுக்கே தெரியுமே, எதற்குச் சொல்ல வேண்டும்’ என்று சிலர் அதை விட்டுவிடுவார்கள். அதையும் எழுதத்தான் வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கனடாவின் குடிவரவு மற்றும் அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தில் 16-ஆவது பிரிவு, விண்ணப்பிப்பவர் கேட்கப்படும் எல்லாக் கேள்விக்கும் உண்மையாகப் பதில் சொல்ல வேண்டும் என்கிறது. 40-ஆவது பிரிவு, நேரடியாகவோ மறைமுகமாகவோ ஒரு முக்கியமான விவரத்தைத் தவறாகச் சொன்னாலும் மறைத்தாலும், அதனால் அதிகாரியின் முடிவில் பிழை நேர வாய்ப்பிருந்தாலே போதும், அவரைக் கனடாவுக்குள் அனுமதிக்கத் தகாதவர் என்று முடிவு செய்யலாம் என்கிறது. இந்தத் தடை முன்பு இரண்டு வருடமாக இருந்தது. 2014 நவம்பரில் ஐந்து வருடமாக்கினார்கள். அந்த ஐந்து வருடத்தில் பிஆருக்கும் விண்ணப்பிக்க முடியாது. உங்கள் மகள் 2020-ல் ஸ்பான்சருக்குப் பதிந்திருக்கிறாளே, அதற்கு அழைப்பு வந்தாலும் உங்களால் பயன்படுத்திக்கொள்ள முடியாமல் போகும்.

‘மறைமுகமாகவோ’ என்ற சொல்லில்தான் நம் ஊரில் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஏஜென்ட் நிரப்பினார், நான் படிக்கவே இல்லை, கையெழுத்து மட்டும்தான் போட்டேன் என்று சொன்னால் பெரும்பாலும் ஏற்பதில்லை. படிவம் உங்களுடையது, அதில் இருக்கும் பதிலும் உங்களுடையது என்றே பார்க்கிறார்கள். ஃபெடரல் நீதிமன்றம் வரை போன வழக்குகளிலும் இந்த வாதம் அநேகமாகத் தோற்றிருக்கிறது. அறியாமல் நேர்ந்த பிழைக்கு விலக்கு உண்டு, ஆனால் அது மிகக் குறுகலானது. அந்த விவரம் தன் அறிவுக்கே எட்டாமல் இருந்தது என்று காட்ட வேண்டியிருக்கும். நீங்கள் நேர்காணலுக்கு நேரில் போய் நின்றவர். அந்த விலக்கை நம்பி இருக்க முடியாது.

அப்புறம், ‘அவங்களுக்குத் தெரியாது’ என்ற பேச்சு. கனடாவும் அமெரிக்காவும் விசா விண்ணப்பதாரர்களின் விவரங்களைப் பரிமாறிக்கொள்ள ஒப்பந்தம் வைத்திருக்கின்றன. 2013-ல் பெயர், பிறந்த தேதி போன்ற விவரங்களை வைத்துத் தேடத் தொடங்கி, 2015 முதல் கைரேகையை வைத்தும் தேடுகிறார்கள். பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்துடனும் இப்படிப்பட்ட ஏற்பாடு இருக்கிறது. 2012-ல் அமெரிக்க விசாவுக்கு நீங்களும் கைரேகை வைத்திருப்பீர்கள். சென்ற முறை அதைக் கவனித்தார்களா, கவனிக்கவில்லையா என்பதை அதிகாரியின் குறிப்பைப் பார்த்தால்தான் சொல்ல முடியும். கவனிக்காமல் விட்டிருந்தாலும் அடுத்த முறை கவனிக்க மாட்டார்கள் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

உண்மையில் அந்த அமெரிக்க மறுப்பு அவ்வளவு கனமான விஷயமே இல்லை. நேர்காணலில் ஒரு காகிதம் கொடுத்திருப்பார்கள், அதில் பெரும்பாலும் 214(பி) என்று இருந்திருக்கும். அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தில் அந்தப் பிரிவின் பொருள், விண்ணப்பிப்பவர் திரும்பி வருவார் என்று அதிகாரி திருப்தியடையவில்லை என்பதுதான். குற்றமோ ஏமாற்றோ அதில் இல்லை. பள்ளி வேலையில் இருந்த ஒருவருக்கு அத்தனை வருடத்துக்கு முன் அப்படி ஒரு மறுப்பு வந்தது என்று தெரிவதால் மட்டும் கனடா அதிகாரி உங்களை விலக்கிவிடப் போவதில்லை. ‘ஆம்’ என்று எழுதியிருந்தால் ஒரு வரியில் முடிந்திருக்கும் விஷயம். இன்று அது ஒரு பக்கக் கடிதமாகிவிட்டது, அவ்வளவுதான். இன்னொரு ‘இல்லை’ போட்டால் அது வேறு மாதிரி ஆகிவிடும். முதல் முறை தவறு என்றாவது சொல்லிக்கொள்ளலாம், இரண்டாவது முறை தெரிந்தே செய்தது.

ஆகவே புது விண்ணப்பத்தில் ‘ஆம்’ என்று போடுங்கள். விவரம் எழுதும் இடத்தில் இரண்டு மறுப்பையும் சுருக்கமாகச் சொல்லி, கூடவே ஒரு விளக்கக் கடிதம் வையுங்கள். ஆங்கிலத்தில் எழுத வேண்டும், சாரம் இப்படி இருக்கலாம்:

“2012-ஆம் ஆண்டு சென்னையில் உள்ள அமெரிக்கத் தூதரக அலுவலகத்தில் விசிட்டர் விசாவுக்கு விண்ணப்பித்தேன். 214(பி) பிரிவின்படி மறுக்கப்பட்டது. கனடாவுக்கு நான் அளித்த முந்தைய விண்ணப்பத்தில், வேறு நாடு விசா மறுத்ததா என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று பதில் தரப்பட்டிருந்தது. அது தவறு. அந்தப் படிவத்தை நான் பணம் கொடுத்து அமர்த்திய ஒருவர் நிரப்பினார். அமெரிக்க மறுப்பைப் பற்றி அவரிடம் சொல்லியிருந்தேன், ஆனால் சமர்ப்பிக்கும் முன் படிவத்தை நான் படித்துப் பார்க்கவில்லை. அது என் பொறுப்பு. என் மகள் அண்மையில் நகலைப் படித்தபோதுதான் தவறு தெரிந்தது. இப்போது அதை நானாக முன்வந்து திருத்துகிறேன்.”

இதற்கு மேல் ஒரு வரியும் வேண்டாம். ஏஜென்டைத் திட்டி அரைப் பக்கம், கெஞ்சி அரைப் பக்கம் என்று எழுதினால் சொல்ல வந்தது அதில் மறைந்துபோகும். நேர்காணல் தேதி நினைவில் இல்லை என்றால் வருடத்தை மட்டும் எழுதி, சரியான தேதி நினைவில் இல்லை என்று சொல்லுங்கள். உத்தேசமாக ஒரு தேதியைப் போட்டுவிடாதீர்கள். அந்தக் காலத்துப் பழைய பாஸ்போர்ட் கையில் இருந்தால் அதன் முதல் பக்க நகலை இணையுங்கள். மகளுக்கு ஏஜென்ட் அனுப்பிய செய்திகள் வாட்ஸ்அப்பில் இருந்தால் அழிக்காமல் வைத்திருங்கள். இப்போது அனுப்பத் தேவையில்லை, பின்னால் கேட்டால் உதவும்.

இதில் ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். நீங்களே திருத்தினாலும், பழைய தவறைப் பற்றி அதிகாரி கேள்வி எழுப்ப முடியும். அப்படி எழுப்பினால் உடனே தடை போட்டுவிட மாட்டார். முதலில் ஒரு கடிதம் அனுப்புவார். இங்கே அதை ‘நியாய நடைமுறைக் கடிதம்’ என்பார்கள். எங்களுக்கு இப்படி ஒரு சந்தேகம் இருக்கிறது, இத்தனை நாளுக்குள் பதில் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கும். அந்தக் கடிதம் வந்தால் ஒரு நாளும் வீணாக்காமல் குடிவரவு வழக்கறிஞரிடம் போங்கள். அதற்குத் தனியாகப் பதில் எழுதி மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு அம்மா பதற்றத்தில் புதிதாக இன்னொரு காரணத்தைச் சேர்த்து எழுதி, முதல் விளக்கமும் பொய்யோ என்று தோன்றும்படி ஆகிவிட்டது. உங்கள் விஷயத்தில், விண்ணப்பத்தை அனுப்பும் முன்பே உரிமம் பெற்ற ஒருவர் அதை ஒருமுறை படித்துவிடுவது நல்லது. சாதாரண மறுப்பு என்றால் நீங்களே போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லியிருப்பேன். இந்தப் பழைய ‘இல்லை’ இருப்பதால் அப்படிச் சொல்ல மனம் வரவில்லை.

இனி சென்ற முறை ஏன் மறுத்தார்கள் என்பதற்கு வருவோம். உங்களுக்கு வந்த கடிதத்தில் இருப்பது பொதுவான வாசகம், ஆயிரக்கணக்கானோருக்கு அதே வரிகள்தான் போகின்றன. அதிகாரி உண்மையில் என்ன நினைத்தார் என்பது துறையின் கணினியில் அவர் எழுதிய குறிப்பில் இருக்கும். ஜிசிஎம்எஸ் குறிப்பு என்பார்கள். சமீப காலமாகச் சில மறுப்புக் கடிதங்களுடனேயே அந்தக் குறிப்பையும் இணைக்கிறார்கள். உங்களுடையது அதற்கு முந்தையது, எனவே கேட்டு வாங்க வேண்டும். உங்கள் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் மகள் தகவல் பெறும் சட்டத்தின் கீழ் 5 டாலர் கட்டிக் கேட்கலாம். தனியுரிமைச் சட்டத்தின் கீழ் நீங்களே இந்தியாவிலிருந்து இலவசமாகவும் கேட்கலாம். சட்டப்படி 30 நாளில் தர வேண்டும், சில சமயம் இழுக்கும். பிரசவத்துக்கு ஐந்து மாதம் இருக்கிறது என்கிறீர்கள், அதனால் இன்றைக்கே கேட்டுவிடுங்கள். அந்த ஒரு மாதத்தில் மற்றக் காகிதங்களைத் தயார் செய்யலாம். குறிப்பைப் பார்க்காமல் மறுபடி விண்ணப்பிப்பது, கண்டெடுத்த மருந்துச் சீட்டை வைத்து மாத்திரை வாங்குவது போலத்தான்.

குறிப்பில் என்ன இருக்கும் என்று என்னால் இங்கிருந்து சொல்ல முடியாது. ஆனால் கடிதத்தில் நீங்கள் எழுதியதிலிருந்தே சில விஷயம் தெரிகிறது.

அந்த ஐந்து லட்சம். ஆறு மாத வங்கிக் கணக்கைப் பார்க்கிற அதிகாரிக்கு, ஓய்வூதியம் மாதாமாதம் வந்து செலவாகிற கணக்கில் விண்ணப்பத்துக்குச் சற்று முன் திடீரென்று ஐந்து லட்சம் விழுந்தால் அது முதல் பார்வையிலேயே தெரியும். அவர் அதை உங்கள் பணமாக எண்ணுவதில்லை. அதைப் பார்த்தபின் மற்றக் காகிதங்களையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார். இந்த முறை அப்படி எதுவும் செய்யாதீர்கள். உங்களிடம் இருப்பதே போதும்: ஓய்வூதிய ஆணை, மாதாமாதம் கணக்கில் வரும் ஓய்வூதியம், வைப்பு நிதி இருந்தால் அதன் ரசீது, வீட்டுப் பத்திரம், பட்டா. வாழ்நாள் முழுக்க வரும் அரசு ஓய்வூதியம் திரும்பி வருவதற்கான நல்ல ஆதாரம். நிறையப் பேர் அதை ஒரு மூலையில் இணைத்துவிட்டு, கடன் வாங்கிய பணத்தை முன்னால் வைக்கிறார்கள். டிக்கெட்டும் தங்கும் செலவும் மகளும் மருமகனும்தான் ஏற்கிறார்கள் என்றால் அதை அப்படியே எழுதுங்கள். அவர்களுடைய வேலைக் கடிதம், சம்பளச் சீட்டு, கனடா வருமான வரித் துறை தந்த வரி மதிப்பீட்டு அறிக்கை ஆகியவற்றை இணைக்கலாம். தமிழில் இருக்கும் பத்திரத்துக்கும் பட்டாவுக்கும் முறையான ஆங்கில மொழிபெயர்ப்பு கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் அதிகாரிக்கு அவை வெறும் காகிதம்தான்.

‘வருகையின் நோக்கம்’ என்று போட்டிருந்தார்களே, சென்ற முறை ஏஜென்ட் என்ன எழுதினார் என்று நகலில் பாருங்கள். நான் பார்க்கிற பழைய விண்ணப்பங்களில் பாதிக்கு மேல் ‘சுற்றுலா’ என்று போட்டு, நயாகரா, பான்ஃப் என்று யாரோ ஒருவருக்குத் தயாரித்த பயணத் திட்டத்தை ஒட்டியிருப்பார்கள். மகளின் அழைப்புக் கடிதம் ஒன்று சொல்லும், படிவம் வேறொன்று சொல்லும். இந்த முறை உங்கள் நோக்கம் நூற்றுக்கு நூறு நிஜமானது, அதை மறைக்கத் தேவையே இல்லை. மகளுக்கு முதல் பிரசவம், உடனிருக்கப் போகிறேன் என்று எழுதுங்கள். பிரசவத் தேதியைக் குறிப்பிட்ட மருத்துவரின் கடிதத்தை வையுங்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்வது ‘வேலை’ ஆகிவிடுமோ, அப்படி எழுதலாமா என்று பலர் என்னிடம் கேட்கிறார்கள். மகளைப் பார்க்க வந்த தாய் சம்பளம் வாங்காமல் பேரக்குழந்தையைக் கவனிப்பதை வேலையாகக் கருதுவதில்லை என்று துறையின் வழிகாட்டிக் குறிப்பே இதை உதாரணமாகச் சொல்கிறது. எனவே பயமில்லாமல் எழுதலாம். ஆனால் ‘மகள் வேலைக்குத் திரும்பிய பிறகும் குழந்தையை நான்தான் பார்த்துக்கொள்வேன்’ என்கிற மாதிரி வாசகம் அழைப்புக் கடிதத்தில் இருக்க வேண்டாம். படிப்பவருக்கு அது நாலு மாதப் பயணமாகத் தோன்றாது. உங்கள் மனதிலும் அந்தத் திட்டம் இருந்தால், அதை மறைத்து விசிட்டர் விசா போடாமல், சூப்பர் விசாவைப் பற்றி இப்போதே யோசிப்பதுதான் சரி.

அடுத்தது குடும்பத் தொடர்பு. ஒரே மகள் கனடாவில், பெற்றோர் இருவரும் சேர்ந்து கிளம்புகிறார்கள் என்றால், இந்தியாவில் இவர்களைத் திரும்ப அழைப்பது யார் என்ற கேள்வி அதிகாரிக்கு எழும். அது இயல்பு. சென்ற முறை மாமியாரைப் பற்றி விண்ணப்பத்தில் ஒரு வரியாவது இருந்ததா? 86 வயது, மகனுடன் ஒரே வீட்டில், இரண்டு பேரின் துணையில் இருக்கிறார் என்பது உங்கள் வாழ்க்கையின் பெரிய உண்மை. அது காகிதத்தில் வரவில்லை என்றால் அதிகாரிக்குத் தெரிய வழியில்லை. ரேஷன் அட்டையிலோ ஆதாரிலோ மூவருக்கும் ஒரே முகவரி இருக்கும், அதை வையுங்கள். மருத்துவம் பார்க்கிறார் என்றால் மருத்துவரின் சிறு கடிதம் ஒன்று. கணவர் தன் கைப்பட ஒரு கடிதம் தரலாம்: மனைவி போய் வரும்வரை அம்மாவை நான் பார்த்துக்கொள்வேன், இன்ன மாதம் அவர் திரும்புவார் என்று. எத்தனை நாள் கேட்பது என்பதிலும் கவனம் வேண்டும். விசிட்டராக வருபவருக்கு வழக்கமாக ஆறு மாதம் வரை தங்க அனுமதி கிடைக்கும் என்பதற்காக எல்லோரும் ஆறு மாதம் கேட்கிறார்கள். உங்களுக்கு உண்மையில் எவ்வளவு தேவை? பிரசவத்துக்குச் சில வாரம் முன், அதற்குப் பின் மூன்று மாதம் என்றால் நாலு மாதம் என்றே கேளுங்கள். காரணத்தோடு கேட்கிற நாலு மாதத்தை நம்புவது சுலபம்.

டிக்கெட் எடுக்காதீர்கள். உத்தேசப் பயணத் தேதியைச் சொன்னால் போதும்.

சூப்பர் விசா பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது பிஆர் அல்லது குடியுரிமை உள்ளவர்களின் பெற்றோருக்கும் தாத்தா பாட்டிக்கும் உள்ளது. 2022 ஜூலையிலிருந்து ஒருமுறை வந்தால் ஐந்து வருடம் வரை தங்கலாம். அது சுலபமாகக் கிடைக்கும் என்று பேச்சு இருக்கிறது. நான் அப்படிப் பார்க்கவில்லை. அதிலும் திரும்பிப் போவீர்களா என்ற கேள்வி இருக்கவே இருக்கிறது, பழைய மறுப்பு பற்றிய கேள்வியும் அதேதான். அதற்கு மேல் மருத்துவப் பரிசோதனை, ஒரு வருடத்துக்குக் குறைந்தது ஒரு லட்சம் கனடா டாலருக்கான மருத்துவக் காப்பீடு, மகள் குடும்பத்துக்குக் குறிப்பிட்ட அளவு வருமானம், இவையெல்லாம் காட்ட வேண்டும். காப்பீட்டுக்கு விலைப்பட்டியல் மட்டும் போதாது, பணம் கட்டியிருக்க வேண்டும். குழந்தை பிறக்கிற வருடத்தில் மகள் பிரசவ விடுப்பில் இருப்பாள், வருமானம் குறையும். அதையும் கணக்கில் வைத்துத்தான் சொல்கிறேன்: நாலு மாதம்தான் தேவை என்றால் இந்த முறை சாதாரண விசிட்டர் விசாவே போடுங்கள். போய்ச் சொன்னபடி திரும்பி வந்த பதிவு ஒன்று இருந்தால் அடுத்த முறை சூப்பர் விசாவுக்கும் அதுவே பலம். விசிட்டர் விசாவுக்குக் காப்பீடு கட்டாயம் இல்லை. ஆனாலும் எடுக்காமல் விமானம் ஏறாதீர்கள். விசிட்டராக வந்தவருக்கு ஒன்டாரியோவின் அரசு மருத்துவத் திட்டம் பொருந்தாது, ஒரு இரவு ஆஸ்பத்திரியில் இருந்தாலே செலவு தாங்காது.

மகள் 2020-ல் பதிந்தது. அந்த ஆண்டு அக்டோபர், நவம்பரில் பெற்றோரை ஸ்பான்சர் செய்ய விருப்பப் படிவம் வாங்கினார்கள், அதில்தான் பதிந்திருப்பாள். அது விருப்பம் மட்டும்தான், விண்ணப்பம் அல்ல. அழைப்பு வந்தால்தான் விண்ணப்பிக்கவே முடியும். சட்டத்தின் 22-ஆவது பிரிவிலேயே, ஒருவர் பிற்காலத்தில் பிஆர் ஆக விரும்புவது மட்டுமே அவர் தற்காலிகமாக வந்து போவதற்குத் தடையல்ல, அனுமதித்த காலம் முடிந்ததும் கிளம்புவார் என்று அதிகாரி நம்பினால் போதும் என்று இருக்கிறது. படிவத்திலோ நேரிலோ இதைப் பற்றிக் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். என்னைக் கேட்டால், அழைப்புக் கடிதத்தில் மகள் ஒரு வரி எழுதிவிடலாம்: 2020-ல் விருப்பம் பதிந்திருக்கிறேன், அழைப்பு வரவில்லை, வந்தால் முறைப்படி விண்ணப்பிப்போம், இந்தப் பயணம் பிரசவத்துக்காக மட்டும் என்று. இதற்கு மேல் அதை நீட்ட வேண்டாம்.

கடைசியாக அந்த ஏஜென்ட். கனடா குடிவரவு விஷயத்தில் காசு வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்லவோ விண்ணப்பம் தயாரிக்கவோ கனடாவில் உரிமம் பெற்ற வழக்கறிஞர், கியூபெக் நோட்டரி, அல்லது குடிவரவு ஆலோசகர்களுக்கான ‘கல்லூரி’ (பாடம் நடத்தும் கல்லூரி அல்ல, ஆலோசகர்களுக்கு உரிமம் தரும் அமைப்பு) ஒன்றில் பதிவு பெற்ற ஆலோசகர் போன்றவர்களுக்கு மட்டுமே அனுமதி உண்டு. அந்தக் கல்லூரியின் இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடினால் பதிவு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். பழைய நகலில் பிரதிநிதி படிவம் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லை என்றால், அவர் தன் பெயரே வராமல் உங்கள் பெயரில் எல்லாவற்றையும் அனுப்பியிருக்கிறார் என்று பொருள். அப்படிச் செய்பவரிடம் மறுபடி போக வேண்டாம். பழைய விண்ணப்பம் அனுப்பிய இணையக் கணக்குக்கு அவருடைய மின்னஞ்சலைக் கொடுத்திருந்தால், இந்த முறை புதுக் கணக்கை மகள் அல்லது உங்கள் மின்னஞ்சலில் தொடங்குங்கள். துறை அனுப்பும் கடிதம் நேராக உங்களிடம் வர வேண்டும், கெடு உள்ள கடிதம் வேறு யார் கைக்கோ போய்க் கிடக்கக் கூடாது.

எல்லாம் நிரப்பி முடித்ததும், மகளை வீடியோ அழைப்பில் வைத்துக்கொண்டு படிவத்தை முதல் கேள்வியிலிருந்து வாய்விட்டு வாசியுங்கள். விடைத்தாள் திருத்திய கண் உங்களுடையது, தவறு இருந்தால் பட்டுவிடும். பழைய விண்ணப்பத்தின் நகலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முகவரி, வேலை பார்த்த வருடங்கள், உடன்பிறந்தவர் விவரம் எல்லாம் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். வேறுபாடு இருந்தால், எது சரியோ அதைப் போட்டு, பழையது ஏன் மாறியது என்று விளக்கக் கடிதத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

ஜிசிஎம்எஸ் குறிப்பு கைக்கு வந்ததும் அதில் உங்கள் அமெரிக்க மறுப்பைப் பற்றி ஏதாவது எழுதியிருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். எழுதியிருந்தால் நான் மேலே கொடுத்த விளக்க வரிகளை அதற்கேற்ப மாற்ற வேண்டியிருக்கும். அப்போது, விண்ணப்பத்தை அனுப்பும் முன் எனக்கு மறுபடி எழுதுங்கள்.